சங்கு நேரத்தில் பிறந்த டோக்கன்

உங்கள் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டருக்குள்ள வாட்ச்மேன்" என்பாள் என் அம்மா. ஆரம்பத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடன் வாங்கிப் படிக்க வைத்தது இதற்குத்தானா என்று கத்தியிருக்கிறேன். இப்போது கத்துவதில்லை. அவள் சொல்வதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடிந்ததில்லை. உள்ளே வருகிறவர் யார், அவரை விடலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்லும் மென்பொருளை எங்கள் கம்பெனி எழுதுகிறது. தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நான் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு வாட்ச்மேன் வேலை பார்க்கிறேன்.

எங்கள் ஊர் நூல் மில் ஒன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றும் எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தன. மில் தொழிலாளிக்கும் அவர் வீட்டாருக்கும் வைத்தியச் செலவு மில்லைச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் தொழிலாளி தன் போனில் இருக்கும் ஆப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால், மில்லில் இருக்கும் சர்வர் ஒரு டோக்கன் போட்டு அனுப்பும். போன் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் தெரியும். ஜன்னலில் இருக்கும் ஸ்கேனரில் அதைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், நோயாளியின் பெயர் உள்ளே போய்விடும். அவ்வளவுதான் வெளியே தெரிவது.

அந்தச் சதுரத்துக்குள் இருப்பது நாலைந்து வரிகள். இவர் யார், யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள், எப்போதிலிருந்து செல்லும், எப்போது வரை செல்லும். கடைசியில் ஒரு கையெழுத்து. மேலே உள்ளதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து உடைந்துவிடும். ஆஸ்பத்திரி ஸ்கேனர் மில்லைப் பார்த்ததில்லை, தொழிலாளியைப் பார்த்ததில்லை. யாருக்கும் போன் போட்டு விசாரிப்பதும் இல்லை. நாலு வரியைப் படித்துவிட்டு, கண் இமைப்பதற்குள் ஒரு முழு மனிதரை நம்பிவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு வாடகைக்காரரை நம்ப எங்களுக்கு எத்தனை வருடம் ஆயிற்று! இத்தனை காலம் இதே வேலையில் இருந்தும், அந்தப் பச்சை விளக்கைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு அடங்கியதில்லை.

ஒருநாள் எங்கள் மென்பொருளையே வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தபோது அதில் ஒரு ஓட்டையைக் கண்டேன். டோக்கன் எப்போது வரை செல்லும் என்பதை அது ஒழுங்காகப் பார்த்தது. எப்போதிலிருந்து செல்லும் என்பதைப் பார்க்கவே இல்லை. அதாவது, நாளைக்கு என்று எழுதிய அனுமதியை இன்றைக்கே நீட்டினாலும் தலையாட்டி உள்ளே விட்டுவிடும். அட கடவுளே, இத்தனை நாளாக இப்படியா திறந்து போட்டு வைத்திருந்தோம் என்று உடனே திருத்த உட்கார்ந்தேன். திருத்தம் சின்னதுதான். எழுதினேன், சோதித்தேன், சென்னையில் மூத்தவர் ஒருவர் பார்த்துச் சரி என்றார். ஆஸ்பத்திரிக்கு அந்தத் திருத்தம் ஒரு காலையில் போய்ச் சேர்ந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இட்லியைப் பிட்டு வாயில் வைக்கவில்லை, போன் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னலில் உட்காரும் பெண்.

"மேடம், மில்காரங்க ஒருத்தருக்கும் தொறக்க மாட்டேங்குது. எல்லாம் செவப்பு. இங்க ஒரே சத்தம். நேர்ல வந்தீங்கன்னா தேவலை."

பஸ் பிடித்தேன். வழி முழுக்க நான் எழுதியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கேயும் தப்பு தட்டுப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜன்னலுக்கு முன்னால் கூட்டம். அதில் ஒரு அக்கா என் கண்ணில் பட்டார். மில்லில் நூற்புப் பிரிவில் வேலை, வ. புதுப்பட்டியிலிருந்து மில் வேனில் வந்து போகிறவர். அவர் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரத்தில் சில நாள் டயாலிசிஸ். அந்த அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல், செருப்பைப் பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்தார். மூச்சு மேலும் கீழும் வாங்கிற்று.

நர்ஸ் ஒருவர் எட்டிப் பார்த்தார். "சிஸ்டத்துல பேரு வரலைன்னா நான் அடுத்த ஆளைப் பெட்ல ஏத்தணும்மா. அவங்களும் காலையில இருந்து காத்துக் கெடக்காங்க. பொறவு என்னைச் சொல்லக்கூடாது."

அந்த பெட் போனால் அண்ணனுக்கு அடுத்த முறை நாளை மறுநாள்தான். அதுவரை உடம்பில் சேரும் நீர் எங்கே போகும்? நுரையீரலுக்குத்தான் போகும். அக்காவுக்கு அது தெரியும். அதனால் அவர் போனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அழுத்துவார், புதுச் சதுரம் வரும், ஸ்கேனரில் காட்டுவார், சிவப்பு. மறுபடி அழுத்துவார்.

நான் ஜன்னலுக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தேன். வெளியே "செல்லாது" என்று மட்டும்தான் காட்டும். ஏன் செல்லாது என்பது உள்ளே எங்களுக்கு மட்டும் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் எழுதியிருந்தது: இன்னும் தொடங்கவில்லை. என் திருத்தம்தான் எல்லாரையும் மறிக்கிறது. ஆனால் அது மறிக்க வேண்டியதைத்தான் மறிக்கிறது. இப்போது அழுத்தி இப்போது வந்த டோக்கன் எப்படி இன்னும் தொடங்காமல் இருக்கும்?

"ஒரே ஒருத்தருக்கு மட்டும் தொறந்துச்சு மேடம்," என்றாள் ஜன்னல் பெண். "ரெண்டு சத்தம் போட்டுட்டு, போங்கடான்னு டீ குடிக்கப் போயிட்டாரு. திரும்பி வந்து அதே பழைய சதுரத்தைக் காட்டினாரு. பச்சை!"

கோபித்துக்கொண்டு போனவருக்குத் திறந்திருக்கிறது. விடாமல் முயன்றவர்களுக்குத் திறக்கவில்லை. நான் அக்காவின் டோக்கன்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் இப்போதைக்கு இல்லை, இன்னும் பத்து நிமிடம் கழித்துத்தான் தொடங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் புதிதாக அழுத்த அழுத்த அதுவும் பத்து நிமிடம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

பத்து நிமிடம்.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். இந்தப் பத்து நிமிடத்தை எனக்குத் தெரியாதா! அந்த மில் சங்கைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஊர் மணிக்கும் மில் மணிக்கும் எப்போதும் பத்து நிமிடம் வித்தியாசம். ஆட்கள் பிந்தக் கூடாது என்று யாரோ எப்போதோ முந்தி வைத்தது. மில்லில் எல்லாக் கடிகாரமும் அப்படித்தான் ஓடும், சங்கும் அப்படித்தான் ஊதும். எங்கள் தெருவில் பாதி வீட்டுச் சுவர்க் கடிகாரம் இன்றைக்கும் மில் மணிதான் காட்டுகிறது. பள்ளிக்கூடம் போகிற காலத்தில், "சங்குப்படி எட்டா, நெசமா எட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா தலை பின்ன உட்காருவாள். அந்தச் சர்வரையும் யாரோ சங்கு நேரத்துக்கே வைத்திருக்கிறார்கள். மில்லில் பிறக்கிற ஒவ்வொரு டோக்கனும் பத்து நிமிடம் எதிர்காலத்தில் பிறக்கிறது. ஆஸ்பத்திரி ஸ்கேனர் உலகத்தோடு ஒத்த நேரத்தில் இருக்கிறது. பழைய ஓட்டை இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை. நான் ஓட்டையை அடைத்த அன்றைக்கு வெளியே வந்து நிற்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

ஆனால் புல்லரித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. டோக்கனின் ஆயுள் ஐந்து நிமிடம். பத்து நிமிடம் கழித்துத் தொடங்கி, அதன்பிறகு ஐந்து நிமிடம் செல்லும். அந்த இடைவெளியில் காட்டினால் திறக்கும். நர்ஸிடம் ஓடினேன்.

"சிஸ்டர், பத்து நிமிசம் மட்டும் பெட்டைப் பிடிச்சு வைங்க. அதுக்கு மேல ஆச்சுன்னா நானே சொல்றேன், அடுத்த ஆளை ஏத்துங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பத்துதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அடுத்ததற்கு விரலை ஓங்கியிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, வேணாம். இனிமே அழுத்தாதீங்க. இப்ப வந்திருக்கதை அப்படியே வச்சிக்கிட்டு உக்காருங்க."

"சும்மா உக்காந்தாத் தொறக்குமா?"

"தொறக்கும்."

"என்ன தாயி சொல்லுத? விடாம முண்டி அழுத்துனாலே தொறக்க மாட்டேங்குது, சும்மா இருந்தாத் தொறக்குமாம்ல!"

"இது உங்க மில் சங்கு நேரத்துல பொறந்த டோக்கன்க்கா. இங்க இன்னும் அந்த நேரம் வரலை. வந்ததும் தொறக்கும்."

அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பட்டென்று, "அப்ப இது இன்னும் காயா கெடக்கு. பழுக்கணும்ங்குத?" என்றார்.

இதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "ஆமாக்கா, பழுக்கணும்" என்றேன்.

மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா போனை மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டார். அண்ணனுக்கு அந்தப் பக்கமாகப் போன சைக்கிள் டீக்காரரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஒரு டீ வாங்கினார். ஒரே ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடி, அதை வாய்க்குள்ளேயே செத்த நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"தண்ணியை அளந்து குடிக்கச் சொல்லிட்டாங்க டாக்டர்," என்றார் என்னிடம். "ருசிக்கு ஒரு மடக்கு. அம்புட்டுத்தான் நமக்கு." மிச்சத்தை வழக்கம்போல அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கி என் கையில் திணித்தார். "நீ குடி தாயி. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு. சாப்பிடாம ஓடியாந்திருப்ப."

எங்கள் வீட்டில் என் டம்ளரில் யாராவது வாய் வைத்துவிட்டால் அன்றைக்கு ஒரு சண்டை உறுதி. அப்படிப்பட்டவள், அந்தக் கப்பை வாங்கி மிச்ச டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது. இனிப்பு தூக்கலாக இருந்தது.

"மில்லு கேன்டீன்ல வந்து பேசுன பொண்ணு நீதான?" என்று அக்கா திடீரென்று கேட்டார். "போன்ல எவன் கேட்டாலும் அழுத்தாதீங்க, காட்டாதீங்கன்னு அன்னைக்கு அந்தக் கத்துக் கத்துன?"

நான்தான். அந்த ஆப்பை முதன்முதலில் கொடுத்தபோது, போன் பேசியே ஏமாற்றுகிற ஆட்களுக்குப் பயந்து மில் கேன்டீனில் தொண்டை கிழியப் பேசியிருந்தேன். "நானே போன் போட்டுக் கேட்டாலும் நம்பாதீங்க" என்றுகூடச் சொல்லியிருந்தேன். அதை ஒருத்தராவது கேட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து செண்பகத்தோப்புப் பக்கத்து மலை தெரியும். அன்றைக்கு அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. பூமிக்கு மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களில் இருக்கும் கடிகாரங்கள், அவற்றைப் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொள்ளும் கடிகாரங்கள், அவற்றிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்த ஜன்னல் ஸ்கேனர் என்று ஒரு நீண்ட சங்கிலி. உலகத்தில் எத்தனை கோடி மிஷின்கள் ஒன்றுக்கொன்று முகம் பாராமல், மணி இதுதான் என்று ஒத்துக்கொண்டிருக்கின்றன! அந்த ஒப்பந்தத்தில் எங்கள் ஊர் மில் மட்டும் சேரவில்லை. அதன் நேரம் ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது, உலகத்தின் நேரம் அதைப் பிடிக்க வந்துகொண்டிருக்கிறது. நடுவில் நாங்கள் மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். இத்தனை வருடமாக நான் திரையில் பார்த்த அந்த "எப்போதிலிருந்து" என்ற வரிக்குள் ஒரு மனிதரின் மூச்சு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

நர்ஸ் வாசலுக்கு வந்து நின்றார். என் லேப்டாப்பில் நேரம் வந்துவிட்டது. "இப்ப காட்டுங்கக்கா!" என்றேன். அக்கா முந்தானையை விலக்கி, சுடுசோற்றுச் சட்டியைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் போனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்.

பச்சை.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று அக்கா போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அண்ணனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார்கள். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மதியமே மில்லுக்குப் போய், அங்கே சிஸ்டம் பார்க்கிற அண்ணனோடு ஒரு பாட்டம் சண்டை பிடித்தேன்.

"சர்வர் மணியைப் போய் யாராவது சங்குக்கு வைப்பாங்களாண்ணே?"

"ஏன் சொல்ல மாட்ட? ஆள் சங்குக்குத்தான் வாரான். சர்வர் வேற மணி காட்டுனா, வருகைப் பதிவுல பத்து நிமிசம் கொளறும். நான் வந்துட்டேன், மிஷின் வரலைங்குதுன்னு அம்புட்டுப் பஞ்சாயத்தும் என் தலையிலதான விடியும்? உன் வீட்டுக்கா வருவான்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடிற்று. கடைசியில் ஒரு வழி கண்டோம். சர்வர் உலக நேரத்துக்கு மாறட்டும். வருகைப் பதிவு மட்டும் பத்து நிமிடம் கூட்டிக் காட்டட்டும். சங்கு அதன் பாட்டுக்கு ஊதட்டும். ஆனால் வேலை நடக்கும் நாளில் மணியில் கை வைக்க மாட்டேன் என்றார் அவர், வார விடுமுறைக்குத்தான். அதுவரை என் திருத்தத்தை எடுத்துவிடட்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். ஓட்டை என்னவென்று தெரிந்தபிறகு அவர்கள் ஒப்பவில்லை. பத்து நிமிடம்தானே, உட்கார்ந்து காட்டட்டும், பெட்டைப் பிடித்து வைக்கிறோம் என்றார்கள்.

நடுவில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. மில்காரர்கள் வருகிறார்கள், பொத்தானை ஒருமுறை அழுத்துகிறார்கள், போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவர் துண்டைப் போட்டு மூடியிருந்தார். "பழுக்கப் போட்டாச்சா?" என்று ஒருவர் கேட்க, "இப்பத்தான் போட்டேன்" என்று இன்னொருவர் பதில் சொல்கிறார். நான் ஒரே ஒரு அக்காவிடம் பெஞ்சில் வைத்துச் சொன்னது, கூமாப்பட்டி வேன், புதுப்பட்டி வேன் என்று ஏறி மில் முழுக்கப் பரவியிருக்கிறது. கேன்டீனில் மைக் பிடித்துக் கத்தியதுகூட இப்படிப் பரவியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

விடுமுறை நாள் வந்தது. மில் ஓடாத அமைதியில், சர்வர் அறையில் நானும் சிஸ்டம் அண்ணனும் மட்டும். கடிகாரத்தை உலக நேரத்துக்கு மாற்றினோம். நான் ஒரு டோக்கன் போட்டுப் பார்த்தேன். பிறந்த கணமே செல்லுபடியாயிற்று. அப்பாடா என்று இருந்தது. "இனிமேல் காத்திருக்கத் தேவையில்லை" என்று எல்லாருடைய ஆப்புக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பியிருந்தோம். சிஸ்டம் அண்ணன் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார்.

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. காரணம்: காலம் கடந்தது. கீழே இன்னொன்று. காலம் கடந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆப்பில் வருகிற அறிவிப்பை யார் படிக்கிறார்கள்? நானே படிப்பதில்லை. அங்கே எல்லாரும் பழுக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிறந்ததும் செல்லும், ஐந்து நிமிடத்தில் சாகும் டோக்கனைப் பத்து நிமிடம் மடியில் வைத்திருந்தால் என்ன ஆகும்? பின்னாளில் அதன் ஆயுளைக் கூட்டி, உடனே காட்டினாலும் திறக்கும், பழுக்கப் போட்டாலும் திறக்கும் என்று செய்துவிட்டோம். அன்றைக்கு எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

சிவப்பு வரிகளில் ஒன்றில் அந்த அக்காவின் எண் இருந்தது. அன்றைக்கு அவர் கணவருக்கு டயாலிசிஸ்.

ஜன்னல் பெண்ணுக்குப் போன் போட்டேன். "அந்த அக்காவைப் புதுசா அழுத்தி உடனே காட்டச் சொல்லு. உடனே!"

"சொல்லிட்டேன் மேடம். கேக்கவே மாட்டேங்கிறாங்க. செவப்பு வந்தா இன்னும் பழுக்கலைன்னு அர்த்தமாம். மறுபடி உக்காந்துட்டாங்க. புதுசா அழுத்துனாக் கெட்டுரும்னு நீங்கதான் சொன்னீங்களாம். சிஸ்டர் வேற அடுத்த ஆளைக் கூப்பிடப் போறேங்கிறாங்க. எவ்வளவு நேரம்தான் அவங்களும் பிடிச்சு வைப்பாங்க?"

"போனை அவங்ககிட்டக் குடு."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அண்ணனின் இருமலும் கேட்டது. இருமல் நீண்டது.

"யாரு?"

"அக்கா, நான்தான்க்கா பேசறேன். அன்னைக்குப் பெஞ்சுல உக்காந்தோமே. இப்ப பழுக்கப் போட வேணாம். புதுசா ஒண்ணு அழுத்தி உடனே காட்டுங்க."

அக்காவின் குரல் வேறு மாதிரி வந்தது. "இந்தா பாரு. போன்ல எவ கேட்டாலும் அழுத்தக் கூடாதுன்னு அந்தப் பிள்ளை சொல்லியிருக்கு. தானே கேட்டாலும் நம்பாதீங்கன்னும் சொல்லியிருக்கு. நீ யாரோ என்னவோ."

"ஐயோ அக்கா, நான்தான்! என் குரல் தெரியலையா?"

"குரலுக்கு என்ன, எவ வேணா பேசலாம்." அவர் மூச்சு விடுவது கேட்டது. அவருக்கும் பயம் என்பது அதில் தெரிந்தது. பெட் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், நான் சொல்லிக் கொடுத்த ஒரு வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் வாழ்நாளில் நான் எழுதிய எந்த நிரலும் இப்படி நின்றதில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"சரி, கேக்கேன், சொல்லு," என்றார். "அன்னைக்கு எங்க வீட்டு ஆளு டீ வாங்குனாங்களே. அதை யாரு குடிச்சா?"

"அண்ணன் ஒரு மடக்கு குடிச்சாங்க. மிச்சத்தை நீங்க வாங்கி எனக்குக் குடுத்தீங்க. நான்தான்க்கா குடிச்சேன்."

ஒரு நொடி. அவ்வளவுதான் எடுத்துக்கொண்டார்.

"ஏங்க, அந்தப் பிள்ளைதாங்க!" என்று கத்தினார். எழுந்து ஓடுகிற சத்தம், யாரையோ விலகச் சொல்கிற சத்தம். பிறகு ஸ்கேனரின் அந்தச் சின்னக் கூவல் போனிலேயே கேட்டது. என் திரையில் பச்சை வரி அதற்குப் பிறகுதான் வந்தது.

"தொறந்துருச்சு தாயி! இவுகளை உள்ள கூப்பிடுதாங்க. வச்சிருதேன், பொறவு பேசுதேன்."

வைத்துவிட்டார். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். மில் ஓடாத நாளிலும் வழக்கம்போல வெளியே சங்கு ஊதியது, ஊர் மணிக்குப் பத்து நிமிடம் முந்தி.

சிஸ்டம் அண்ணன் டீயை என் பக்கம் தள்ளி வைத்தார். "என்னம்மா, ஏன் அழுவுத? என்ன சொன்னாங்க?"

"நான் யாருன்னு கேட்டாங்கண்ணே," என்றேன். "சொன்னேன். நம்பிட்டாங்க."